பாஞ்சிக்குச் சான்றிதழ் உண்டு

பாஞ்சாலையக்கா பொய்யே பேசாதவள் என்று நான் சொன்னால் நாவமரத்தூரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அவள் வாயைத் திறந்தால் பாதி கதை, பாதி கிண்டல். பக்கத்து வீட்டு ஆடு அவரைக்கொடியை மேய்ந்துவிட்டால்கூட, அந்த ஆட்டுக்கும் தனக்கும் போன ஜென்மத்துப் பகை என்று ஒரு கதை கட்டிவிடுவாள். கேட்பவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள், யாருக்கும் நஷ்டம் இல்லை. அவள் சொன்ன பொய்களில் அச்சில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். அது அவள் மகளின் படிப்புக்கே உலை வைக்கப் பார்த்தது.

நான் அருணகிரி. ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இ-சேவை மையம் நடத்துகிறேன். வருமானம், இருப்பிடம், சாதி, வாரிசு என்று ஒரு மனிதன் மனிதன்தான் என்பதற்கு அரசாங்கம் கேட்கிற அத்தனை காகிதத்துக்கும் என் கடையில் வந்துதான் விண்ணப்பம் போட வேண்டும். நானும் இந்த மலைக்காரன். என் சாதிச் சான்றிதழுக்காக நான் தேய்த்த செருப்பு மூன்று ஜோடி. ஆகவே இந்தக் கதையை நடுநிலையோடு சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஜனத்துக்குக் காகிதத்தில் பெயர் மலையாளி. மலையை ஆள்கிறவன் என்று ஒருவர் அர்த்தம் சொல்வார், மலையில் இருக்கிற ஆள் என்று இன்னொருவர் சொல்வார். எப்படிச் சொன்னாலும் கேரளாவுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாங்கள் பேசுவது தமிழ், விதைப்பது சாமை, உலுக்குவது புளி. ஆனால் மலையைவிட்டு இறங்கி 'மலையாளி' என்று சொல்லிப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் "அப்படியா, கேரளாவில் எந்த ஊர்?" என்பார்கள். பத்தாவது ஆள் புட்டு செய்யத் தெரியுமா என்று கேட்பார்.

பாஞ்சாலையக்காவின் மகள் அன்பரசி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், கீழேயிருந்து புதிதாக வந்த ஒரு வாத்தியார் சேர்க்கைப் பதிவேட்டை எழுதினார். சாதி என்ற கட்டத்தில் மலையாளி என்று எழுதினார். அடுத்த கட்டம் தாய்மொழி. மலையாளியின் தாய்மொழி வேறென்னவாக இருக்க முடியும்? 'மலையாளம்' என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதிவிட்டார். எதிரே நின்ற குப்பன் மாமா, அதாவது பாஞ்சாலையக்காவின் புருஷன், எழுத்து தெரியாதவர். பெருவிரலை மையில் தோய்த்து அழுத்திவிட்டு மாடு ஓட்டப் போய்விட்டார். அந்தக் கட்டம் பன்னிரண்டு வருஷம் யாரையும் தொந்தரவு செய்யாமல் பதிவேட்டில் கிடந்தது.

இப்போது பொம்மைக்கு வருகிறேன்.

டிங்கிலி பொம்மையைத் தெரியாத பெண்குழந்தை பட்டணத்தில் இருக்காது. அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும், கடைசிப் பக்கங்களில் கம்பெனியின் வரலாறு இருக்கும். அதை நான் மனப்பாடமாகவே சொல்வேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஓர் அம்மாள், தன் மகளின் பொம்மைகளுக்கெல்லாம் தலைமுடி மஞ்சளாக இருப்பதைக் கண்டு மனம் நொந்தாராம். ஒரு மழை நாளில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, பழைய காலுறையில் பஞ்சை அடைத்து, கறுப்பு நூலில் கூந்தல் வைத்து ஒரு பொம்மை தைத்தாராம். அதுதான் முதல் டிங்கிலி. இந்த மாதிரிக் கம்பெனி எதுவும் கடன் வாங்கி, ஷெட் போட்டு, மிஷின் இறக்கி ஆரம்பித்ததாக எழுத மாட்டார்கள். எல்லாம் சமையலறை மேஜையில்தான் பிறக்கும்.

முதல் டிங்கிலிக்கு மூக்கு இல்லை. இரண்டாம் வருஷம் மூக்கு வந்தது. மூன்றாம் வருஷம் முட்டி மடங்கியது. நான்காம் வருஷம் முதலீட்டாளர்கள் வந்தார்கள், பொம்மை இளைத்துப்போனது. இப்படி ஒல்லியாக இருந்தால் குழந்தைகள் மனசு என்ன ஆகும் என்று யாரோ பேப்பரில் எழுத, ஐந்தாம் வருஷம் இடுப்பில் கொஞ்சம் சதை போட்டார்கள். அந்தச் சதைக்கு ஒரு விருதும் கிடைத்தது. ஆறாம் வருஷம்தான் 'மண்ணின் மகள்கள்' என்ற வரிசை வந்தது. கடற்கரையின் மகள், பாலைவனத்தின் மகள், தேயிலைத் தோட்டத்தின் மகள். ஒவ்வொருத்திக்கும் ஒரு கதை, ஒரு சடங்கு, பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு சான்றிதழ். 'இவள் அசல்' என்று அதில் அச்சிட்டிருக்கும்.

அடுத்ததாக மலையின் மகள் வேண்டும் என்று நினைத்தார்கள். டிங்கிலிக்குக் குட்டிச் செருப்பு தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் வாணியம்பாடி மக்பூல் பாய். ஷூ கம்பெனிகளில் மிஞ்சுகிற தோல் துண்டில் பொம்மைச் செருப்பு தைப்பது அவர் தொழில். கையால் தைக்கிற துணி வேலையை எங்கள் மலைக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். நாவமரத்தூரில் பதினாலு பெண்கள் தைத்தார்கள், பாஞ்சாலையக்கா அவர்களுக்கு மேஸ்திரி மாதிரி. பொம்மையின் ரவிக்கை என் கட்டைவிரல் அகலம், அதன் கொக்கி கடுகளவு. அதைக் கண்ணாடி போடாமல் வைத்துத் தைப்பாள்.

மலைமகளின் முதல் மாதிரி வந்த அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். பாய் பெட்டியைப் பிரித்தார். உள்ளே வெள்ளைச் சேலை, தங்க ஜரிகைக் கரை, நெற்றியில் சந்தனக் கீற்று, கையில் ஒரு குத்துவிளக்கு.

"இது யாரு பாய்? யாரு வூட்டுக் கல்யாணத்துக்குப் போவுது?" என்று கேட்டாள் அக்கா.

"இதுதாம்மா நீ," என்றார் பாய் சங்கடத்தோடு. "மலையாளிப் பொண்ணுன்னு கம்பெனியில சொன்னாங்க."

பதினாலு பேரும் தரையில் உருண்டு சிரித்தார்கள். பாய் உடனே பெங்களூருக்குப் போன் போட்டார். "மேடம், இது வேற மலையாளிங்க. கேரளா இல்ல, மலை. மலையில இருக்கறவங்க. தமிழ் பேசுவாங்க" என்று அரைமணி நேரம் தொண்டை வறள விளக்கினார். அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புரியுது பாய். கேரளாவில் எந்த மலை?" என்று கேட்டார்கள்.

இது சரிப்படாது என்று, கதை எழுதுகிற பெண் ஒருத்தியையே மலைக்கு அனுப்பி வைத்தார்கள். நிஹாரிகா என்று பெயர், சென்னையில் படித்தவள், நல்ல பெண். மாசி மாதம் வந்தாள். எங்கள் மலையில் மாசியில் வந்து எவளிடமாவது பேச வேண்டுமென்றால் புளி தட்டுகிற இடத்துக்குத்தான் போக வேண்டும். அக்காவும் இன்னும் நாலு பேரும் குவியல் குவியலாகப் புளியை வைத்துக்கொண்டு கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிஹாரிகா நோட்டோடு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுப் பொண்ணு முதல் தடவையா ஊரைவிட்டு வெளியே போறப்ப என்ன பண்ணுவீங்க, ஆன்ட்டி?"

"இன்னா பண்ணுவோம்? பஸ்ஸுக்குக் காசு குடுப்போம். கொண்டை ஊசி வளைவுல வாந்தி வருமேன்னு ஒரு எலுமிச்சம்பழம் குடுப்போம்."

பேனா அசையவில்லை. "அதில்ல ஆன்ட்டி. பழைய காலத்துலேர்ந்து வர்ற சடங்கு ஏதாவது?"

"பழைய காலத்துல ஏதும்மா பஸ்ஸு? நடந்தே போச்சுங்க."

அப்போதும் பேனா அசையவில்லை. மூன்று நாளாக அந்தப் பெண் இப்படித்தான் வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் எழுதிக்கொள்ள மாட்டேன் என்கிறாள், எழுதிக்கொள்ளாமல் எழுந்து போகவும் மாட்டேன் என்கிறாள். அக்காவுக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. கையில் ஒரு புளியங்கொட்டை இருந்தது. மடியில் பொம்மைத் துணிக்கு வைத்திருந்த சிவப்பு நூல்கண்டு இருந்தது.

"ஒண்ணு கீது," என்றாள் குரலைத் தாழ்த்தி. "ஆனா அதை வெளியாளுங்ககிட்ட சொல்ல மாட்டோம். கேட்டா இல்லன்னு சொல்லிடுவோம்."

பேனா துள்ளி எழுந்தது.

"பொண்ணு கெளம்புற அன்னிக்கி, அவ பொறந்த வருசத்துப் புளியங்கொட்டை ஒண்ணை எடுத்து, செவப்பு நூல்ல கோத்து, எடது கை சுண்டு வெரல்ல பெத்தவ கட்டி வுடுவா. 'மலை கூப்ட்டா வெரல் இழுக்கும், வந்துடு'ன்னு சொல்லி அனுப்புவா."

நிஹாரிகாவின் கண்கள் கலங்கிவிட்டன. சுற்றி இருந்த பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். அதைப் பக்தி என்று அவள் எழுதிக்கொண்டாள். பிற்பாடு புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

மலையின் மகள் ஆறு மாதத்தில் கடைக்கு வந்துவிட்டாள். பெயர் பாஞ்சி. "எம் பேரை ஒடைச்சி வெச்சிகினாங்க" என்று அக்கா கொஞ்சம் பெருமைப்பட்டாள். புத்தகத்தில் 'விரல்நூல் சடங்கு' என்று ஐந்து பக்கம், தலைமுறை தலைமுறையாக நடப்பது, 'ஒரு பழங்குடி மூதாட்டி கண்ணீரோடு எம்மிடம் பகிர்ந்துகொண்டது' என்று. சடங்கைப் பற்றிய பொய்யெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. மூதாட்டி என்று போட்டதற்குத்தான் ஒரு வாரம் கம்பெனியைத் திட்டினாள். பாஞ்சி பிய்த்துக்கொண்டு போனாள். பெட்டியில் பிளாஸ்டிக் புளியங்கொட்டையும் சிவப்பு நூலும் இருந்தன. பட்டணத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு அதைச் சுண்டு விரலில் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று பாய் செல்போனில் படம் காட்டினார். நாங்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அன்பரசி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினாள். அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும், வேறெதுவும் வேண்டாம். அரசு நர்சிங் கல்லூரியில் பழங்குடியினருக்கான இடம் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. சாதிச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்துச் சேர வேண்டும். எங்கள் மலைப் பள்ளிக்கூடத்தில் படித்தவரை அந்தக் காகிதத்துக்கு அவசியமே வரவில்லை, அங்கே எல்லோரும் மலையாளிகள்தான். குப்பன் மாமாவும் அதுவரை சான்றிதழ் எடுத்ததில்லை. சாமை வயலில் இறங்க யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

நான் விண்ணப்பம் போட்டேன். பத்தாம் நாள் பதில் வந்தது. 'பள்ளிப் பதிவேட்டில் தாய்மொழி மலையாளம் எனக் காணப்படுவதால் மனுதாரர் அண்டை மாநிலத்தவரா என்பது குறித்து நேரில் விசாரணை.' கல்லூரியில் சேரக் கடைசி நாள் அடுத்த திங்கட்கிழமை. அதைத் தாண்டினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை மலைக்குக் கீழே இருந்த, சான்றிதழ் தருகிற வருவாய்த்துறை அலுவலகத்துக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். அக்காவும் மாமாவும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். காகிதக் கட்டோடு நான் அன்பரசியுடன் உள்ளே போனேன். விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எப்படியாவது சமாளித்திருப்போம். இவர் படிக்கிற பழக்கம் உள்ளவர்.

"மலையாளம் பேசுவியாம்மா?"

"தெரியாது சார்."

"ஒரு வார்த்தைகூடத் தெரியாதா?"

"தெரியாது சார்."

'தாய்மொழி அறியாதவர்' என்று எழுதிக்கொண்டார். "சரி, உண்மையிலேயே மலைவாசியான்னு பார்த்துடுவோம். சாமை எப்ப விதைப்பீங்க?"

"ஆடியில சார். மழையைப் பாத்து முன்னப் பின்ன ஆவும்."

அதற்குத் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்து அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "வீட்டைவிட்டு முதல் தடவையா வெளியூர் போற பொண்ணுக்கு உங்க ஜனத்துல ஒரு சடங்கு உண்டே, அது என்ன?" என்று கேட்டார்.

அன்பரசி யோசித்தாள். "அப்டி ஒண்ணும் இல்லைங்க சார். பஸ் ஏத்தி வுடுவாங்க."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து பாஞ்சியின் புத்தகத்தை எடுத்து வைத்தார். "மூணாவது படிக்கிற என் பொண்ணுக்குத் தெரியுது. உனக்குத் தெரியலையே?" என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை, உண்மையான வருத்தம்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெளியே வந்து அன்பரசி விஷயத்தைச் சொன்னதும் பாஞ்சாலையக்கா முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. சேலையை உதறி எழுந்து நேரே உள்ளே போனாள், நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், அது நான் வுட்ட கதை சார். சும்மா வெளாட்டுக்குச் சொன்னது. எம் பொண்ணு சொன்னதுதான் நெசம்."

"நீங்க யாரும்மா?"

"அந்தப் பொஸ்தகத்துல சொன்னவ நான்தான் சார்."

அவர் பக்கத்தைப் புரட்டினார். "இதுல மூதாட்டின்னு போட்டிருக்கு. உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்திரெண்டு சார்."

"அப்ப அது நீங்க இல்லை."

"நான்தான் சார்! சாமி சத்தியமா அப்டி ஒரு வழக்கமே எங்ககிட்ட கெடையாது சார்."

அதிகாரி புன்னகை செய்தார். "அதுவும் இதுல இருக்கும்மா, பதினோராம் பக்கம். 'இச்சடங்கை வெளியாட்களிடம் சொல்ல மாட்டார்கள், கேட்டால் இல்லை என்று மறுப்பார்கள்.' நீங்க மறுக்கறதைப் பார்த்தா உண்மையான மலைக்காரங்களா இருப்பீங்கன்னுதான் எனக்கும் தோணுது. ஆனா பொண்ணு மறைக்கிற மாதிரி தெரியலை, தெரியாத மாதிரிதான் தெரியுது. வியாழக்கிழமை நானே மேலே வர்றேன். சடங்கை நேர்ல பார்த்தா எழுதிடறேன். இல்லேன்னா கேரளான்னுதான் எழுத வேண்டியிருக்கும்."

அக்கா அங்கேயே நின்றாள். நான்தான் கையைப் பிடித்து வெளியே இட்டு வந்தேன்.

மக்பூல் பாய்க்குப் போன் செய்தோம். அந்தப் புத்தகத்தில் இருப்பது கட்டுக்கதை என்று கம்பெனி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று கெஞ்சினோம். பாயும் பெங்களூரில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். 'எங்கள் ஆய்வை நாங்களே மறுக்க முடியாது, சமூகத்தின் உணர்வுகள் புண்படும்' என்று பதில் வந்தது. சமூகம் என்றால் யார் என்று பாய் கேட்டாராம். ஆனால் அன்பரசியின் கஷ்டத்தைக் கேட்டு மனம் இளகி, ஒரு பாஞ்சி பொம்மையை அன்பளிப்பாக அனுப்பி வைத்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் பாய் அதைப் பைக்கில் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னா சொல்றதுன்னு தெர்லம்மா, பேஜாரா கீது," என்று மட்டும் சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் நின்றார். அன்பரசி பெட்டியைத் திறந்தாள். மேலே சான்றிதழ். 'இவள் ஜவ்வாது மலையின் அசல் மகள். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவள். இதற்கு வேறு சான்று தேவையில்லை.' பக்கத்தில் வட்டமாக ஒரு முத்திரை, பளபளக்கும் ஸ்டிக்கர், வரிசை எண். பொம்மை அச்சாகி வெளியே வரும்போதே சான்றிதழும் கூடவே வந்துவிடுகிறது. பதினேழு வருஷமாக இந்த மலைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவளுக்கு விசாரணை.

அன்பரசி பொம்மையின் கையை மடக்கிப் பார்த்தாள். "இவளையே நர்சிங்குக்கு அனுப்பிடுங்க பாய். ஊசி போடற மாதிரி கை மடங்குது," என்றாள். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை. "நான் அந்தக் கூத்தெல்லாம் ஆட மாட்டேன்," என்றாள் அன்பரசி. "பொய் சொல்லி வாங்கற சர்டிபிகேட்டு எனக்கு இன்னாத்துக்கு?"

"நெசத்தைச் சொல்லி வாங்க முடிஞ்சா நான் ஏண்டி கேக்கறேன்? நெசத்தைச் சொன்னோமில்ல? எழுதிகினாரா?" என்றாள் அக்கா. குப்பன் மாமா வெளியே போய்ப் புளியங்கொட்டை ஒன்றைத் தேடி எடுத்து வந்து, ஊசியால் ஓட்டை போட முடியாமல், கம்பியைக் காய்ச்சிப் போட்டு மகளின் முன்னால் வைத்தார். அன்பரசி அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. நாவமரத்தூரே திரண்டிருந்தது. தைக்கிற பெண்கள் பதினாலு பேரும் குளித்துத் தலை முடிந்து பூ வைத்து வந்திருந்தார்கள். எல்லோரும் புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்துத் தயாராகியிருந்தார்கள். படத்தில் குலவை போடுவதாக இருந்ததால் குலவை வேறு போட்டார்கள். எங்கள் ஊரில் இத்தனை பேருக்குக் குலவை வரும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அதிகாரி செல்போனைக் கிடைமட்டமாகப் பிடித்து, முட்டி போட்டு, படமெடுக்க ஆரம்பித்தார்.

அன்பரசி இடது கையை நீட்டினாள். கடுகளவு கொக்கியைத் தைக்கிற அக்காவின் விரல்கள் அந்த முடிச்சைப் போட மறுத்தன. இரண்டு தடவை நூல் நழுவி விழுந்தது. மூன்றாவது தடவை கட்டினாள். குலவை நின்றது. இனி பெற்றவள் சொல்ல வேண்டிய வசனம்.

"மலை கூப்ட்டா..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் போகவில்லை. மறுபடி, "மலை..." என்றாள். பிறகு மகளின் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவள் அப்பா செத்த அன்றைக்குக்கூட அவரைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவள்.

அதிகாரி போனைத் தாழ்த்திக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதி, எங்களுக்குக் கேட்கும்படி படித்துக் காட்டினார். 'தாயார் கண்ணீர் மல்கச் சடங்கை நிறைவேற்றினார். வழக்கம் தொன்மையானது என்பது நேரில் உறுதி செய்யப்பட்டது. மனுதாரர் மலையாளி இனத்தைச் சேர்ந்தவரே.' அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். "இனிமே இதை மறைக்காதீங்கம்மா. எல்லா விசாரணையிலயும் இதைக் கேட்கச் சொல்லி மேலே எழுதப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் திரும்பி மறைந்ததும் அன்பரசி கேட்டாள். "ஏம்மா அழுத? நீ நடிக்கலன்னு எனக்குத் தெரியும்."

"தோ, உங்க தாத்தனைப் பொதைச்ச எடம் அங்க கீது," என்றாள் அக்கா, மூக்கைச் சிந்திக்கொண்டே. "அவரு அப்பன் அதுக்குப் பக்கத்துல. அவங்களைக் காட்டி நீ இந்த மலைக்காரின்னு சொன்னா எவனும் எழுதிக்கல. நான் வாய்க்கு வந்ததை ஒளறினேன், அதை எழுதிகினாங்க. எனக்கு வெக்கமா கீதுடி."

எனக்குச் சந்தோஷப்பட வேண்டிய நாள் அது. கோபம்தான் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால், குலவை போட்ட பெண்களைப் பார்த்து, போய் அவரவர் வேலையைப் பாருங்கள் என்று கத்தினேன்.

சான்றிதழ் வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை அன்பரசி கல்லூரியில் சேர்ந்தாள். பஸ் ஏற்றிவிட்டார்கள், எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அக்கா ஏதோ ரேஷன் கார்டு திருத்தத்துக்காக என் கடைக்கு வந்திருந்தாள். பழையபடி பேச்சும் கிண்டலுமாக இருந்தாள், நர்சிங் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி மகள் சொன்னதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்போது மலையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பெண்மணி மகளோடு உள்ளே வந்தார். மங்கம்மாள் என்று பெயர், நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. மகளின் கையில் பிளாஸ்டிக் கவரில் காகிதங்கள். நாவமரத்தூர் பாஞ்சாலை இங்கே இருப்பதாகச் சொன்னார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நான்தான். இன்னா சொல்லுங்க."

"எம் பொண்ணுக்கு சர்டிபிகேட்டு விசாரணை வந்துகீதும்மா. அந்தச் சுண்டுவெரல் சடங்கைச் செய்யச் சொல்றாங்களாம்." மங்கம்மாள் குரலைத் தாழ்த்தினார். மகளுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல இருந்தது. "எங்க ஊர்ப் பக்கம் அந்த வழக்கம் வுட்டே பூட்ச்சு. எங்கம்மா எனக்குக் கட்டி வுடல. பெரியவங்களைக் கேட்டேன், அவங்களுக்கும் தெரியல. பெரிய தப்பு பண்ட்டோம் போலகீது. நீங்கதான் வுடாம வெச்சிகினு கீறீங்கன்னு சொன்னாங்க."

அக்கா வாயைத் திறந்தாள். அப்படி ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அந்தப் பெண்ணின் கையில் இருந்த கவரைப் பார்த்தாள்.

"விசாரணை என்னிக்கு?"

"செவ்வாக்கெழம."

அக்கா என் மேஜையிலிருந்து ஃபைல் கட்டுகிற நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எடது கைய நீட்டும்மா," என்றாள். "சுண்டு வெரலு."